பிடித்ததைப் பிறருக்குச் சொல்வது அறமா?

தனக்குப் பிடித்த நூலையும் படத்தையும் பாட்டையும் பிறருக்கு எடுத்துச் சொல்வது கொடையில் சேருமா, தற்பெருமையில் சேருமா என்ற கேள்விக்குச் சமயங்கள் ஒரே பதிலைத் தரவில்லை. அரிசியைக் கொடுத்தால் கொடுத்தவர் பானையில் குறையும். பாட்டைக் கொடுத்தால் எதுவும் குறைவதில்லை. சொல்லப்போனால், கூடக் கேட்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் கொடுத்தவருக்கே வரவு அதிகம். இழப்பு இல்லாத இடத்தில் ஈகை இருக்க முடியுமா என்பது கேள்வியின் ஒரு பாதி. பிடித்ததைச் சொல்கிறவர் கூடவே தன்னையும் சொல்லிவிடுகிறார் என்பது மறு பாதி. 'இந்தப் படம் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லும்போது படத்தைவிட 'எனக்கு' உரத்து ஒலிக்கும் நேரங்கள் உண்டு.

பொருட்கொடைக்குத் தமிழ் மரபு காட்டும் உச்சம், அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. நீண்ட ஆயுளைத் தரும் அந்தக் கனியைக் கொடுக்கும்போது அதன் சிறப்பை அவன் வாய் திறந்து சொல்லவில்லை. புறநானூற்றுப் பாட்டில் ஔவை வியப்பது கனியைக் காட்டிலும் அந்த மௌனத்தைத்தான். ரசனையைப் பகிர்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. சிறப்பைச் சொல்லாமல் ஒரு நூலைப் பரிந்துரைக்க முடியாது. புகழ்ச்சிதான் அங்கே கொடையின் வடிவம். ஆகவே அதியமானின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது இரண்டாந்தரக் கொடை.

குறள் வேறோர் அளவுகோலைத் தருகிறது. தான் இன்புறுவதாலேயே உலகமும் இன்புறுவதைக் கண்டு, கற்றவர் மேலும் கற்க ஆசைப்படுவார்கள் என்ற கருத்து 399ஆம் குறளில் வருகிறது. அந்தக் குறள் ஈகை அதிகாரத்தில் இல்லை, கல்வி அதிகாரத்தில் இருக்கிறது. அந்த இடமே பதிலில் பாதியைச் சொல்லிவிடுகிறது. அறிவின் இன்பத்தைப் பகிர்கிறவரிடம் தியாகத்தை எதிர்பார்க்கத் தேவையில்லை. பகிர்வதால் அவர் பெறுவதும் அவருக்கு உரியதே. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி ஒரு படி மேலே போகிறான். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிற்கிறது என்பது புறநானூற்றில் அவன் பாட்டின் தொடக்கம். தனித்து உண்பது குற்றம் என்று அவன் சொல்லவில்லை. தனித்து உண்ண மனம் வராதவர்களைத்தான் பாடுகிறான்.

சமய மரபில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே பகிரப்படுவது வீடுபேற்றுக்கு வழி என்று நம்பப்படும் சொல். குருபரம்பரை நூல்கள் சொல்லும்படி, இராமானுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைப் பெற்றார்; பெற்ற கையோடு கோயிலின் மேல் ஏறி நின்று ஊருக்கே சொன்னார். தகுதி பார்த்தே சொல்ல வேண்டும் என்ற குருவின் கட்டளையை மீறியதற்காகத் தான் நரகம் போனாலும் கேட்டவர்கள் உய்வார்களே என்பது அவர் கொடுத்த விளக்கம். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்பியைக் கஞ்சனாக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தகுதி பார்த்துச் சொல் என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது: பதினெட்டு முறை நடந்து பெற்ற சொல்லுக்கும் போகிற போக்கில் காதில் விழுந்த சொல்லுக்கும் கேட்பவர் மனத்தில் ஒரே எடை இருக்காது. கடைசியில் நம்பியே இராமானுசரை 'எம்பெருமானார்' என்று தழுவிக்கொண்டதாகக் கதை முடிகிறது. ஆனாலும் நம்பியின் கவலை அதோடு தீர்ந்துவிடவில்லை. ஒரு நாளைக்கு நூறு பாட்டு கைப்பேசியில் வந்து விழும் காலத்தில் அது முன்னைவிடப் பொருத்தமாகவே இருக்கிறது.

பூட்டி வைப்பதன் விளைவுக்கும் மரபிலேயே சான்று உண்டு. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்ததையும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் அதைத் திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பாட்டைக் காப்பது பூட்டா, வாயா என்ற வழக்கில் கரையான் தீர்ப்பெழுதிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து இறங்கி அன்றாட வாழ்க்கையில் நடமாடியதற்கு மலேசியாவின் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் நல்ல எடுத்துக்காட்டு. செரண்டா, ரவாங்குக்கும் பத்தாங் காலிக்கும் இடையில் உலு சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கும் சிறு பட்டணம். ஈயம் அதை உண்டாக்கியது. 1890களில் ரயில் வந்தது. பிறகு சுற்றிலும் ரப்பர். அங்கிருந்து மேற்கே போனால், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று கோல சிலாங்கூர் வரைக்கும் தோட்டங்கள் இருந்தன. இருட்டோடு பெரட்டுக்கு (காலைப் பெயரெடுப்புக்கு) நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, பால் கொட்டகையில் நிறுத்துவிட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)த் திரும்பியவர்களிடம் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளப் பொருள் குறைவு. நூல்களும் பாட்டுகளும் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவினாலேயே எதையும் பகிர்ந்துதான் அனுபவிக்க முடிந்தது.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் லயத்துக்கு ஒருவர் இருவர்தான் இருந்த காலத்தில், தோட்டக் கணக்கரான கிராணியோ தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தமிழ் நேசன் 1924இல் கோலாலம்பூரிலும், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935இல் சிங்கப்பூரிலும் தொடங்கின. ஓர் இதழ் பல வீடுகளுக்குப் போதும். பெரிய எழுத்துக் கதை நூல்களும் அப்படித்தான்: அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை. வாசிப்பவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்த இடத்தைத் திரும்பப் படிக்கிறார் என்பதில் அவருடைய ரசனை கேட்பவர்களின் ரசனையாக மாறியது. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் கட்டத்தை ஒருவர் இழுத்துப் படித்தால் லயமே அழுதுதான் ஆக வேண்டும். இங்கே பகிர்தல் என்பது தேர்ந்தெடுத்துச் செய்த அறச்செயல் என்று சொல்ல முடியாது. வேறு வழி இல்லாததால் நடந்தது. அறத்தின் சாயல் அதில் இருந்ததா என்று கேட்டால், படிக்கத் தெரிந்தவர் தன் சாயங்காலத்தைக் கொடுத்தார் என்பதில் இருந்தது.

வானொலி வந்த பிறகு பகிர்தலுக்குப் பெயர் சேர்ந்தது. ரேடியோ மலாயா 1946இல் தொடங்கியபோதே தமிழும் அதன் ஒலிபரப்பு மொழிகளில் ஒன்று; இன்றைய மின்னல் எஃப்எம் அந்த வழியில் வந்தது. நேயர் விருப்பம் என்ற வகை நிகழ்ச்சிகளில் அஞ்சலட்டை எழுதுகிறவர் பாட்டின் பெயரோடு அதைக் கேட்டு மகிழ வேண்டிய அம்மா, அப்பா, மாமா, அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருடைய பெயர்களையும், கடைசியில் தோட்டத்தின் பெயரையும் எழுதுவார். அறிவிப்பாளர் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பாட்டுக்கான நேரம் போய்விடும் என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. தற்பெருமை என்ற குற்றச்சாட்டு இங்கே எளிதாகப் பொருந்துவதுபோல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அட்டையில் விரும்புகிறவரின் பெயர் ஒன்று. கேட்க வேண்டியவர்களின் பெயர்கள் பத்து. கம்பெனிப் பதிவேட்டில் மட்டும் எழுதப்பட்ட பெயர்கள் நாடு முழுவதும் ஒலித்தன. பாட்டு ஒரு சாக்கு. கொடுக்கப்பட்டது பெயர் சொல்லி நினைக்கப்படும் பெருமை. இதைத் தற்பெருமை என்றால், தன்னைச் சேர்ந்தவர்களின் பெருமையைத் தன்னுடையதாகக் கொண்டாடும் தற்பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

படக்காட்சியில் சிக்கல் அதிகம். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் சாக்கும் விரித்துச் சனம் உட்காரும். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடக்கை வீரர்களாக மாறிய கதாநாயகர்களைப் பார்ப்பார்கள். மாரியம்மன் திருவிழாவை ஒட்டி இப்படிப் படம் போட்டது ஊர் கூடி ஊருக்குச் செய்தது. ஆனால் அதே மாதிரித் துணியில் வேறு படங்களும் ஓடின. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கத்தின் நடமாடும் படக்காட்சி வண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போயின. 1948 டிசம்பர் 12 அன்று பிரிட்டிஷ் படையினர் 24 கிராமத்தவரைச் சுட்டுக் கொன்ற பத்தாங் காலி, செரண்டாவுக்கு அடுத்த ஊர். அந்தச் சூழலில் காட்டப்பட்ட படம் மக்களுக்குப் பிடிக்கும் என்பதற்காகக் காட்டப்படவில்லை. அவர்கள் எதை நம்ப வேண்டும் என்பதற்காகக் காட்டப்பட்டது. பகிர்தலும் பரப்புரையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும்: திரை ஒன்று, திடல் ஒன்று, கட்டணமும் இல்லை. காட்டுகிறவர் அந்தப் படத்தைத் தானும் விரும்பிப் பார்ப்பாரா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

தோட்டத்துக் கோயிலின் குழாய் ஒலிபெருக்கி மூன்றாவது வகை. ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் பொழுது விடியும் முன்பே லயங்களின் மேல் பரவும். போடுகிறவருக்கு அந்தப் பாட்டின்மேல் உண்மையான பக்தி உண்டு, பரப்புரை நோக்கம் கிடையாது. இருந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இரவெல்லாம் விழித்திருந்த வீட்டுக்கு அதே பாட்டு தொந்தரவு. காதுக்கு இமை இல்லை. கேட்க மறுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு தரப்படும் பாட்டு, எவ்வளவு தூய மனத்தோடு தரப்பட்டாலும், கொடைக்குள் வராது என்பதே இக்கட்டுரையின் நிலை. கொடையில் கொடுப்பவரின் மனத்தை மட்டும் எடைபோடுவது பழைய பழக்கம். ரசனை விஷயத்தில் வாங்குபவரின் விருப்பமும் தட்டில் ஏற வேண்டும்.

இசை கேட்பதைப் பற்றி இஸ்லாமிய ஞானி இமாம் கஸ்ஸாலி (1058–1111) எழுதியது இங்கே உதவும். இசையும் பாட்டும் ஆகுமா ஆகாதா என்ற வழக்கை இஹ்யா உலூமித்தீன் நூலில் விரிவாக ஆராயும் அவர், கேட்பதற்குக் காலமும் இடமும் தோழர்களும் பொருந்த வேண்டும் என்ற சூஃபி மரபின் நிபந்தனையை எடுத்து விளக்குகிறார். தொழுகை நேரத்தில் கூடாது, மனம் சிதறும் இடத்தில் கூடாது, ஈடுபாடு இல்லாதவர் நடுவில் கூடாது. பாட்டு நல்லதா என்ற கேள்வியோடு யாருக்கு, எப்போது என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது. காசுமீரத்து அபிநவகுப்தர் ரசத்தைப் பற்றி எழுதும்போது கேட்பவர் ஒத்த நெஞ்சினராக இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதற்கு அருகில் வருகிறது. திருக்கோட்டியூர் நம்பி இவர்கள் பக்கம்தான் நிற்பார்.

காலம் என்ற நிபந்தனையைச் சமய ஆண்டு தானாகவே கவனித்துக்கொள்கிறது. தைப்பூசத்தில் காவடிப் பாட்டு, ஆடியில் அம்மன் பாட்டு, புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள் பாட்டு, மார்கழி விடியலில் திருவெம்பாவையும் திருப்பாவையும். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. செரண்டா வட்டாரத்தில் அன்றைய பாட்டு எது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இந்த முறையில் தனிமனிதத் தேர்வுக்கு இடமில்லை, ஆகவே தற்பெருமைக்கும் இடமில்லை. அதன் குறையும் அதுவே. மார்கழிப் பாட்டு எவருடைய கண்டுபிடிப்பும் இல்லை என்பதால், அதைப் பாடுகிறவர் தன்னைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஒருவர் தனக்குப் பிடித்ததை ஆண்டு முழுவதும் அவ்வப்போது சொல்லிவரும்போது பஞ்சாங்கத்தின் துணை கிடையாது. எது எப்போது யாருக்குப் பொருந்தும் என்று அவரே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிப் பார்த்தலில்தான் உழைப்பும் அக்கறையும் இருக்கின்றன. தொடக்கத்தில் காணாமல் போன தியாகம் ஓரளவுக்கு இங்கே திரும்பக் கிடைக்கிறது. இந்த அக்கறை எண்ணிக்கையில் அடங்காது. மலேசியப் பள்ளிகளின் நீலாம் வாசிப்புத் திட்டத்தில் மாணவர்கள் படித்த நூல்களைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பழக்கத்தை உண்டாக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணிக்கை ஏறஏற, தோழியிடம் ஓடிப்போய்ச் சொல்லத் தூண்டிய அந்த ஒரு நூல் எது என்பது பதிவேட்டில் தெரிவதில்லை.

எனக்குப் பிடித்தது உனக்கும் பிடித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? இமானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தம் மூன்றாம் விமரிசன நூலில் இதைத்தான் கேட்டார். பலகாரம் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர் தன் நாக்கைப் பற்றி மட்டும் பேசுகிறார். பாட்டு அழகாக இருக்கிறது என்று சொல்கிறவர் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்க்கிறார். ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. சண்டையெல்லாம் இந்த இடைவெளியில் பிறக்கிறது. தோட்டத் திடல்களில் எம்ஜிஆர் பக்கமும் சிவாஜி பக்கமும் பிரிந்து மோதிக்கொண்டவர்கள் காண்டைப் படித்திருக்கவில்லை. அவர் சொன்னதை நடத்திக் காட்டினார்கள்.

இந்த எதிர்பார்ப்பு ஒரு நல்ல ரசிகரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சான்று. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி, தமிழில் ரசனைப் பகிர்வுக்கென்றே நடந்த அவைகளில் தலையாயது. ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி, பிரித்து, மறுபடி மறுபடி சொல்லி, கேட்பவர் தலையை ஆட்டும்வரை விடமாட்டார். கல்கியும் ராஜாஜியும் அந்த ரசனைக்கு ஆட்பட்டவர்கள். அதே மனிதர், தம் ரசனைக்கு ஒவ்வாத கம்பன் பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையே மாற்றினார். புலவர்கள் கண்டித்தார்கள், கண்டித்ததில் நியாயம் இருந்தது. பிடித்ததைக் கொடுப்பதோடு நில்லாமல், கொடுக்கப்படும் பொருளையே தம் பிடித்தத்துக்கு ஏற்ப வெட்டித் திருத்தினால் கொடுப்பவர் உடைமையாளராகிவிடுகிறார். ஆனாலும் ஒரு தலைமுறைக்குக் கம்பனை அருகில் கொண்டுவந்து நிறுத்தியது அந்தக் கறார்ப் புலவர்கள் இல்லை, டி.கே.சி.தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு வழக்கு மலேசியாவிலேயே நடந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்கள் தனிப் பிரிவில் வைக்கப்பட்டபோது கலைஞர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. பிரிவு மாற்றப்பட்டு, ஜகட் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. ஒருவருக்குப் பிடித்ததை, அவர் மொழியை வைத்தே, 'உங்கள் ஆட்களுக்கானது' என்று ஒதுக்கி வைப்பதும் பகிர்தலை மறுப்பதுதான். கட்டாயப்படுத்துவது ஒரு தவறு. தகுதி இல்லை என்று முன்கூட்டியே கதவைச் சாத்துவது இன்னொன்று.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழி தோட்டத்துக் கோயிலிலேயே இருக்கிறது. மாரியம்மன் எல்லாருக்கும் பொது. சுற்றிலும் மதுரைவீரனும் முனியாண்டியும் பெரியாச்சியும் இன்னும் பெயர் வைக்காத கற்களும், இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த குலதெய்வங்கள். இவற்றோடு ஒவ்வொருவருக்கும் இஷ்ட தெய்வம் ஒன்று உண்டு. பிறப்பால் வராத, கூட்டத்தால் விதிக்கப்படாத, மனம் தானே போய்ப் பற்றிக்கொண்ட தெய்வம். தனிமனிதப் பிடித்தத்துக்குச் சமயமே கொடுத்த இடம் அது. அதைப் பற்றி உருகிப் பேசலாம். கோயிலுக்கு அழைத்துப் போகலாம். பிரசாதம் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் இஷ்ட தெய்வம் வேறாக இருப்பதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. தனக்குப் பிடித்த நூலை இஷ்ட தெய்வமாக வைத்திருக்கும்வரை வம்பில்லை. அதை ஊருக்கே குலதெய்வமாக்கப் பார்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

தோட்டங்கள் கலைந்த பிறகு பகிர்தலின் உருவமும் மாறியது. வட சிலாங்கூரில் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனது. செரண்டாவுக்குப் பக்கத்தில் சுங்கை சோவில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை இருக்கிறது. லயத்து வாசல் போய் அடுக்குமாடிக் கதவு வந்த இடத்தில், திடலுக்குப் பதிலாகப் புலன (வாட்ஸ்அப்) குழு. முன்பு ஒரு வானொலிப் பெட்டியைப் பத்து வீடு கேட்டது. இப்போது ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு காதொலிப்பான் மாட்டிக்கொண்டு நான்கு பாட்டு கேட்கிறார்கள். பற்றாக்குறை கட்டாயமாக்கிய பகிர்தல் போய்விட்டதால், இன்று ஒருவர் தனக்குப் பிடித்ததை இன்னொருவருக்கு அனுப்பினால் அது முழுக்க அவர் விரும்பிச் செய்ததுதான். அந்த அளவில் அறச்செயலாகும் வாய்ப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. குழுவில் இருக்கும் நூறு பேருக்கும் ஒரே அழுத்தில் அனுப்பிவிடுவது பழைய குழாய் ஒலிபெருக்கியின் வேலை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை, தாத்தா ஜப்பானியர் காலத்தில் அந்த ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத வீட்டுப் பேரனுக்கு என்று நினைத்து எடுத்து வைப்பது அஞ்சலட்டையில் பெயர் எழுதியவரின் வேலை.

செயலிகள் தாமாகவே தரும் பரிந்துரை இந்த இரண்டிலும் அடங்காது. கேட்டதை வைத்து அடுத்துக் கேட்கக்கூடியதைக் கணக்கிடும் நிரலுக்குப் பாட்டு பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமலும் போகாது. பரப்புரைப் படத்துக்கு வைத்த சோதனையை, அதாவது காட்டுகிறவர் தானும் விரும்பிப் பார்ப்பாரா என்ற கேள்வியை, அதனிடம் வைக்கவே முடியாது. ஆகவே அது நல்ல பாட்டைக் கொண்டுவந்து தரலாம், அடிக்கடி தரவும் செய்கிறது; ஆனால் கொடை, தற்பெருமை என்ற வழக்கில் அது எந்தத் தரப்பிலும் நிற்பதில்லை. அது தந்த பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது கேள்வி மறுபடி மனிதரிடமே வந்துசேர்கிறது.